ருசி பாக்கது சாப்பாட்டுல சேராது

நீங்களுமா சார்? ஐயோ முருகா… நீங்களுமா! காலங்காத்தால அஞ்சருவியில குளிச்சுட்டு, தலை ஈரங்கூட காயாம வந்து நின்னுக்கிட்டு, "அண்ணாச்சி, மாவுச்சத்து இல்லாம திங்க என்ன இருக்கு"ன்னு கேக்கியளே, இது நியாயமா? இங்கன பாருங்க. இது இட்லி மாவு. இது தோசை மாவு. அந்தா அண்டாவுல கெடக்கது பஜ்ஜி மாவு. சுடலைமுத்து டிபன் ஸ்டால்ல மாவு இல்லாத சாமான் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு அடுப்பு, இன்னொண்ணு நான். நானே பாதி மாவுதான்னு எங்க வீட்டுக்காரி சொல்லுதா.

உக்காருங்க சார். இந்தச் சாரல்ல எங்க போவப் போறிய? சுகரா ஒங்களுக்கு?… இல்லையா? ஒடம்பக் குறைக்கவா! சீக்கு இல்லாமலே இட்லிய வேண்டாம்னு சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். கோட்டித்தனமால்லா இருக்கு… சரி சரி, கோவப்படாதிய. எனக்கு வயித்தெரிச்சல், அதான் வாய் நீளுது.

எனக்கு இருக்கு சார். சுகரு. டாக்டரு ஒத்த வரிதான் சொன்னாரு, "மாவுச்சத்தக் கொறச்சுக்கோங்க, முக்கியமா காலைல"ன்னு. அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுல உலகம்மை இருக்காளே, அவ அதப் புடிச்சுக்கிட்டா. அன்னைக்கே வீட்டுல கிரைண்டர் மேல துணியப் போட்டு மூடிட்டா சார். சாவு வீட்டுல சாமி படத்த மூடுவாகள்லா, அந்த மாதிரி.

மறுநாள் காலைல உப்புமான்னு சொன்னா. ஆஹா, வீட்டுக்காரிக்கு எரக்கம் வந்துட்டுன்னு வாய வச்சா… ரவையக் காணும்! பூக்கோசத் துருவி, கடுகு உளுந்து கறிவேப்பில எல்லாம் போட்டுத் தாளிச்சு வச்சிருக்கா. தாளிச்ச வாசன உப்புமா, வாய்க்குள்ள போனா கோசு. நம்பிக்கத் துரோகம் சார் இது! அதுக்கு அடுத்த நாளு முட்டைத் தோசைன்னா. தட்டப் பாத்தேன். "ஏட்டி, இதுல தோசை எங்க"ன்னு கேட்டேன். "அதான் முட்டை இருக்குல்லா"ங்கா. இப்படி ஒரு பதில ஒலகத்துல எவளாவது சொல்லுவாளா?

ஒரு நிமிசம்… இந்தப் பஜ்ஜி பதமா வெந்திருக்கான்னு பாத்துக்கிடுதேன்… ம்… உப்பு ஒரு பொட்டு கம்மி. என்ன சார் அப்படிப் பாக்கிய? நான் திங்கல. ருசி பாத்தேன். ருசி பாக்காம சரக்கு போட்டா யாவாரம் என்னத்துக்கு ஆவும்? ருசி பாக்கது சாப்பாட்டுல சேராது சார். நீங்களே சொல்லுங்க, சஷ்டிக்கு விரதம் இருக்கவுக சோறு திங்க மாட்டாக, பலகாரம் திம்பாக. விரதம் முறிஞ்சா போச்சு? அப்படின்னா பலகாரம் சாப்பாடு இல்லன்னுதான அர்த்தம்? நானும் சோத்தத் தொடுததே இல்ல. எந்தச் சாமிக்கு முன்னாலயும் சூடத்த அணச்சு சத்தியம் பண்ணுவேன். பஜ்ஜிதான்… வடைதான்… ஒரு வாய் தோசை ஓரம்… ஓரத்துல என்ன சார் சத்து இருக்கப் போவுது.

இன்னொண்ணு பாத்துக்கிடுதேன், உப்பு சேத்தேன்லா.

ஆங், நீங்க என்ன கேட்டிய? மாவு இல்லாம… அட கூறுகெட்டவனே, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதேனே! இந்தா, இந்தப் பச்ச டப்பாவப் பாருங்க. எங்க வீட்டுக்காரி எனக்குன்னு கட்டிக் குடுத்து விட்டது. நான் விடியுமுன்ன குத்துக்கல்வலசையில வீட்டப் பூட்டச் சொல்லிட்டு வண்டிய எடுப்பேன். அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு இத ஆக்கி வச்சிருவா. தொறங்க… கிளிப்ப மேல தட்டுங்க… அப்படித்தான். முருங்கக்கீரை போட்ட ஆம்லேட்டு, மிளகு தூவி வாட்டுன பனீரு, நிலக்கடலையும் தேங்காயும் வச்சு அரச்ச தொவையலு, வெள்ளரிக்கா. ஒங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குல்லா? தின்னுங்க. துட்டா? சீ, துட்டெல்லாம் பேசப்படாது. நீங்க தின்னாப் போதும், அந்தப் புண்ணியம் என்னைச் சேரும்.

நல்லா இருக்கா?… ரொம்ப நல்லா இருக்கா? நிசமாவா? அவளுக்குக் கைப்பக்குவம் உண்டு சார், அதச் சொல்லாம இருக்கப்படாது. எனக்கு எப்படித் தெரியுமா… வாசன வருதுல்லா, அத வச்சுத்தான்.

சரி, ஒங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. இந்த டப்பாவ தெனமும் திங்கது நான் இல்ல. அந்தா, அந்த மரத்துல வால் தொங்குது பாத்தியளா? தாட்டியா ஒரு கடுவன் கொரங்கு. நான் அதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்கேன். சரியா சாப்பாட்டு நேரத்துக்கு வரும், ஒரு வேல செய்யாது, ஏப்பம் விட்டுட்டுப் போவும். வேற என்ன பேரு வைக்கச் சொல்லுதிய? கொரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு போர்டு இருக்கத்தான் செய்யிது. ஆனா அது தீனி இல்ல சார், பத்தியம்! அதோட மயிரப் பாருங்க, எண்ணெ தேச்ச மாதிரி மினுங்குது. மத்த கொரங்கெல்லாம் டூரிஸ்டு போடுத முறுக்கத் தின்னு தொப்ப போட்டுக் கெடக்கு. இது மட்டும் போலீஸ் வேலைக்கு ஓடுத பய மாதிரி இருக்கு.

டப்பா காலியா வீட்டுக்குப் போவும். அவ மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க… அதுக்காகவே… ம். அது கெடக்கு.

இதுவரைக்கும் வண்டி ஓடுச்சு சார். வெறும் வயித்துல ரத்தம் எடுக்கதுக்கு முந்தின நாளு ஒண்ணையும் தொட மாட்டேன், ருசி கூடப் பாக்க மாட்டேன். நம்பர் ஓரளவு சமாளிச்சுரும். சும்மா இருந்திருக்கலாம்லா? என் வாய்தான் எனக்கு எமன். போன தடவ டாக்டருக்கு முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு, "எந்த டெஸ்டு வேணும்னாலும் எடுங்க சார், நான் பயப்பட மாட்டேன்"னுட்டேன். அவரு சிரிச்சாரு. "அப்பம் மூணு மாசச் சராசரி பாத்துருவோம்"னாரு. மூணு மாசம் தின்னதெல்லாம் ரத்தத்துல தெரிஞ்சிருமாம்! ருசி பாத்ததக் கழிச்சுட்டுச் சொல்லுமான்னு கேக்கவா முடியும்?

இன்னைக்கு ரிப்போர்ட்டு. தென்காசி லேபுல வாங்கிக்கிட்டு அவளே நேரா வாரேன்னு சொல்லிருக்கா. சுகரு கூடியிருந்தா இந்த எண்ணெச்சட்டிய எறக்கிருவாளாம். அவ கல்லாவுல உக்காந்து, இந்தக் கடையில கீரை ஆம்லேட்டுதான் விப்பாளாம். குத்தாலத்துச் சாரல்ல நின்னுக்கிட்டு எவனாவது கீரையத் திம்பானா?… சரி, நீங்க திங்கிய. நீங்க வேற.

அது கூடப் பரவால்ல சார். அவ அப்பாவுக்கும் இதே சீக்குதான், வீரகேரளம்புதூர்ல. முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாவ. அந்த மனுசன் கட்டில்ல கெடந்து, இல்லாத கால் வலிக்குன்னு சொல்லுவாராம். அவதான் பக்கத்துல இருந்து பாத்துருக்கா. இப்பவும் நான் தூங்கிட்டேன்னு நெனச்சு, என் கால் வெரல ஒவ்வொண்ணா தொட்டுப் பாப்பா. நான் முழிச்சிக்கிட்டுதான் கெடப்பேன். பயமா இருக்கும் சார். அவளுக்குத் தெரிஞ்சிருமோங்கித பயம் ஒரு பக்கம், அவ பயந்தது நடந்துருமோங்கித பயம் ஒரு பக்கம். பயம் வந்தா எனக்குப் பசிக்கும். என்ன செய்ய… இந்த வடைய மட்டும் பாத்துக்கிடுதேன்.

ஆத்தி! அந்தா ஆட்டோவுல இருந்து எறங்குதது… அவதான்! சார், சார், நீங்க சாட்சி. டப்பாவ நான்தான் காலி பண்ணுனேன்னு சொல்லிருங்க. வாயத் தொடச்சுக்கோங்க, கீரை ஒட்டிருக்கு. ஏ… ஏ மாப்பிள்ள! நீ எதுக்குடா இப்பம் எறங்கி வார? இன்னைக்கு இல்லடா… போ… போயிரு… வீட்டுக்காரி வாரா…

வா உலகு! மழைக்குள்ள எதுக்கு அலையுத, போன்ல சொல்லிருக்கலாம்லா… டப்பாவா? பாரு, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு! அந்தப் பனீரு ஆஹா… ஏ மூதி, டப்பாவ விடு! விடுடா!… ஆமா, கிளிப்பத் தட்டித் தொறக்குது. கெட்டிக்காரக் கொரங்கு. யாரு பழக்குனதுன்னா கேக்க? கொரங்குக்குப் பழக்கவா வேணும்… இல்ல, தொவையல வழக்கமா வைக்கித எடத்துல வெரல விட்டுப் பாக்கதுன்னா… அது தற்செயலுட்டி! வேணும்னா சார்கிட்ட கேளு. சார்… சார்? எங்க போனாரு? கைகூடக் கழுவாம போயிட்டாரே பாவி மனுசன்!

குடு அந்தக் கவர. கூடியிருக்கா?… ரொம்பவா?

சரி. திட்டு. எண்ணெச்சட்டிய எறக்கு. நானே எறக்குதேன், நீ தொடாத, சுடும். உலகு… ஏட்டி, திட்டச் சொன்னா எதுக்கு அழுத? நீ அழுதா எனக்குத் தாங்காதுட்டி. திட்டித் தொலையேன்!

இது என்ன பையில இன்னொரு டப்பா? எனக்கா?… ஒனக்கா! ஒனக்கு எதுக்கு? ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லையே… என்னது? இம்புட்டு நாளும் நீயும் இதத்தான் தின்னியா? "நீங்க அங்கன தனியா கீரையத் திங்கைல, எனக்கு இங்கன இட்லி தொண்டையில எறங்குமா"ன்னா கேக்க? ஐயையோ… அங்கன நான் எங்கட்டி கீரை தின்னேன்! எனக்குப் பத்தியம்னு சொல்லி, பத்தியம் இருந்தது நீயும் அந்தக் கொரங்குமா?

வெக்கமா இருக்குட்டி. நெசமா வெக்கமா இருக்கு.

கொண்டா அந்த டப்பாவ. பாதி ஒனக்கு, பாதி எனக்கு. மாப்பிள்ள, நீ தூரப் போ, இனிமே இது என் பங்கு… ம்… ம்… என்னட்டி அப்படி முழிக்க? சத்தியமா இல்ல உலகு. ருசி பாக்கல. சாப்பிடுதேன்.