மாரீஸ்வரி பார்த்த மங்கல்

“நிளான்னு வச்சா உனக்கென்ன கொறஞ்சு போகும், மாரி—”

“கண்டுபிடிச்சது நானு. தாமிரபரணின்னுதான்—”

“பஸ் கரோ, போதும், ரெண்டு நாளா இதே—”

“நீ பஸ் கரோ.”

இவர்கள் பேசிய பேச்சில் காபி ஆறிப்போனது. ஆறின காபியை மறுபடி சூடாக்குவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் நடந்த சண்டை அவ்வளவுதான். என் மகன் நகுலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வந்த மருமகள் மாரீஸ்வரியும் எங்கோ இருக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி நிலையம். தொலைநோக்கி அனுப்பும் படங்களைப் பார்ப்பது வேலை. கம்ப்யூட்டர் கறை என்று ஒதுக்கிய மங்கலில், ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் சுருண்ட இரண்டு கைகளை அவள் கண் பார்த்துவிட்டது. ஆயிரத்து இருநூறு கோடி வருஷம் பயணம் செய்த வெளிச்சமாம். அதே படத்தை என் மகன் முந்தைய வாரமே பார்த்துத் தள்ளியிருந்தான். கண்டுபிடித்தவர் தம் ஊர் ஆற்றின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். எங்கள் பாலக்காட்டு ஆறு நிளா. வானத்துக்குப் போனது அவள் பூர்வீக ஊர் ஆறு, தாமிரபரணி.

மாட்டுங்காவில் பாராட்டுக் கூட்டம். அவள் மேடையில், என் மகன் கீழே, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பித்தளை ஃபில்டரைத் தேய்த்தேன். மூடி நசுங்கிப்போனது.

அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. தானே விட்டுக்கொண்டால் இமையை மூடிவிடுவாள் என்று, நான்தான் மடியில் படுக்க வைத்து விடுவேன். கூட்டத்துக்கு மறுநாள் மருந்தைக் கொட்டிவிட்டுச் சீசாவில் தண்ணீர் நிரப்பினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பச்சைத் தண்ணீர் விட மனசு வரவில்லை. எட்டு மாதம், ஒரு வேளை தவறவில்லை. டாக்டர் வேறு மருந்து எழுதினார். அதையும் கொட்டினேன்.

பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. அவளைக் கவனிக்க நகுல் வேலையை விட்டுவிட்டான். வேலையை விடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அவன் நன்றாக இருக்கத்தானே இவ்வளவும் செய்தேன்.

நேற்றுக் காலை சீசாவோடு போனேன். நகுல் பக்கத்தில் நின்றான். அவள் என் மடியில் தலை வைத்தாள், கண்ணை மூடவில்லை.

“ஆரம்பத்துல சுர்ருன்னு எரிஞ்ச மருந்து, இந்த எட்டு மாசமா ஏன் எரியவே இல்ல, அத்தை?”