குடம் போட்ட ஓட்டு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

“எங்க தெருவுல குடந்தான் ஓட்டுப் போட்டுச்சு,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“என்னாடி ஒளர்ற, லட்சுமி?”

“நெசமாத்தான். தெருவுக்கு ஒரே பைப்பு. எங்க போடறதுன்னு பஞ்சாயத்துல எங்களயே கேட்டாங்க. மேல்கோடியா, கீழ்கோடியா, வேணுங்கற எடத்துல வீட்டுக்கு ஒரு குடம் வெய்யுங்கன்னாங்க.”

“நீ ஷிப்டுல இருந்திருப்பியே?”

“அதான். எங்க வீடு கீழ்கோடி. மாமியாதான் தண்ணி தூக்குது, முட்டி வீங்கிக் கெடக்குது. பஸ்ஸுக்குப் போற வழியில பாத்திமா அக்காகிட்ட குடத்தக் குடுத்து, ‘கீழ்கோடியில வெச்சிடுக்கா’ன்னுட்டு வந்தன்.”

“அவங்க வீடு மேல்கோடியாச்சே! போயும் போயும் அவங்ககிட்டயா குடுத்த?”

“வேலையில ஒக்காந்தப்பறந்தான் அது எனக்கே ஒறைச்சுது. சாயந்தரம் போயிப் பாத்தா, ஒரு குடம் வித்தியாசத்துல எங்க கோடி ஜெயிச்சிருக்குது. அவங்க குடம் மேல்கோடியில, என்னுது கீழ்கோடியில. சொன்னபடியே வெச்சிருக்காங்க.”

“அடிப்பாவி! இப்ப அவங்க தண்ணிக்கு?”

“அங்கிருந்து நடந்துதான் வர்றாங்க. அவங்க குடம் ஒண்ணு எங்க வீட்டுலயே இருக்குது. பைப்புல தண்ணி வந்தா எங்க மாமியா மொதல்ல அதத்தான் வெக்கும். அப்பறந்தான் எங்களுது.”

சூளகிரியில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

பல நாள் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்த தேதி: 9-3-1997.