நிர்மலாதேவி அம்மையார் எழுதிய ஒரு வரிக்குப் பாராட்டு

செந்தமிழைச் செனாய் வட்டாரத்தில் செழிக்கச் செய்த செம்மலே! பிறர் பெருமையைப் பொன்னெழுத்தில் பொறித்துப் பொறித்தே தம் பெயரைப் புறத்தில் நிறுத்திக்கொண்ட பெருந்தகையே! ஓயாது எழுதி இன்று ஓய்வு காணும் ஆசிரியை நிர்மலாதேவி அம்மையாரே! வணங்கி, வாழ்த்தி, இம்மடலை வாசிக்கின்றோம்.

பணி நிறைவு விழா என்றால் மடல் உண்டு. மடல் என்றால் எழுத நீங்கள் உண்டு. நம் பள்ளியிலிருந்து விடைபெற்ற ஒவ்வொருவர் வீட்டிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது உங்கள் தமிழ்தான். முகத்துக்கு நேரே நல்லது சொன்னால், "சரி சரி, அடுத்த வேலையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சற்று நேரம் உங்களை விட்டுவிட்டு அவையோரைப் பார்த்துப் பேசுகிறோம். சொல்லப்போவது எல்லாம் நீங்களே சொன்னது, சபையில் சொல்ல நீங்களே இசைந்தது.

அவையோரே! ஓய்வு பெறுகிறவர் தம் வாழ்க்கைக் குறிப்பைத் தாமே எழுதித் தருவது நம் பள்ளி வழக்கம். பிறந்த ஊர், படித்த பள்ளி, பெற்ற விருது என்று நான்கு செய்தி கிடைத்தால் போதும், மற்றதை அம்மையார் பார்த்துக்கொள்வார். இம்முறை குறிப்புத் தரவேண்டியவர் அவரே. வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரார் வாழ்க்கையையெல்லாம் ஒரே மூச்சில் எழுதியவர், தம் வாழ்க்கை என்றதும் முதல் வகுப்புப் பிள்ளைபோல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போக மனமில்லாமல், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் நடக்கும் தன்வரலாறு எழுதும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். நடத்துபவர் வாசுகி, அம்மையாருக்கு மகள் வயது.

தாம் பெருமைப்பட்ட ஒரு நாளை எழுதச் சொன்னார் வாசுகி. அம்மையாருக்கு இப்போது பேனா பறந்தது. எழுதியதை எழுந்து நின்று, மேடைக் குரலில் வாசித்தார்: "தாயன்பும் தலைமைப் பண்பும் ஒருங்கே வாய்த்த எம் தலைமையாசிரியர் அம்பிகைபாகனார், பொந்தியான் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு மேலிடம் என்னை நாடியபோது, என் பணியின் அருமை கருதி, என்னை விட மனமின்றி மறுத்துரைத்த பொன்னாள் அது!"

வகுப்பு கைதட்டியது. வாசுகி மட்டும் தட்டவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு டீச்சர். முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னால, அவரு உங்ககிட்ட கேட்டாரா?"

"கேட்கலமா. அவங்ககிட்ட சொல்லி முடிச்சிட்டு வந்துதான் என்கிட்ட சொன்னாரு."

"உங்களுக்குப் போக ஆசை இருந்துச்சா?"

அம்மையார் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வண்டியில் ஏறி, சாவியைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் இத்தனை வருஷம் கழித்து, யாருக்கும் உதவாத நேரத்தில் வந்தது.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆசிரியர் அறைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார் அம்பிகைபாகன். "டீச்சர், பொந்தியானுக்கு உங்களத் தலைமையாசிரியரா கேட்டாங்க. நான் விடுவேனா? டீச்சருக்கு வர இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன். நீங்க போயிட்டா இங்க யாரு எழுதுவா?" என்றார். அறையே கைதட்டியது. அம்மையார் வெட்கப்பட்டு, "நன்றிங்க சார்" என்றார். மறுநாள் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிவந்தார்! தம்மைக் கட்டிப்போட்டவருக்கு விருந்து வைத்த கைதி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பொந்தியானில் அவருடைய தாயார் கருப்பாயி தனியாக இருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்தவர். அந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். சனிக்கிழமை தவறாமல் அம்மையார் வண்டியோட்டிப் போவார். ஞாயிறு மாலை கிளம்பும்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமாச்சும் இங்கேயே மாத்திக்கிட்டு வந்துருவியாடி?" என்று தாயார் கேட்பார். "பாக்கலாம்மா" என்பார் மகள். அம்பிகைபாகனுக்கு நல்லாசிரியர் விருது கிடைத்து, பள்ளியே தோரணம் கட்டிக் கொண்டாடிய நாளில், ஒலிவாங்கி முன்னால் நின்று அம்மையார் அவரை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தார். கைப்பையில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுத்துப் பார்த்தபோது தாயாரின் உயிர் போய்விட்டிருந்தது. அந்த விருதுக்கான விண்ணப்பத்தை எழுதியதும் அம்மையார்தான் என்பதை இங்கே பலர் அறிவீர்கள்.

இதையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று மறுவாரமே வகுப்புக்குத் திரும்பினார். சொல்வது எளிது! அடைமொழி இல்லாமல் ஒரு மனிதரின் பெயரை எழுத அவர் கைக்குத் தெரியவில்லை. குறை சொல்ல உட்கார்ந்தால் வாழ்த்துப்பா வந்து விழுந்தது. "மாண்பமை" என்று தொடங்குவார், கிழித்துப் போடுவார். "பெருந்தன்மையால்" என்று எழுதுவார், தலையில் அடித்துக்கொள்வார். "எனக்குப் பொய் சொல்ல மட்டும்தான் தெரியும் போலருக்குமா" என்று வாசுகியிடம் புலம்பியிருக்கிறார். எழுதி எழுதிக் களைத்த பிறகு ஒருநாள் அலங்காரமெல்லாம் உதிர்ந்து, ஒரே ஒரு வரி நின்றது: "அம்பிகைபாகன் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போயிருப்பேன்." வாழ்நாளில் தமக்காக எழுதிய முதல் வரி இது என்று அம்மையார் சொல்கிறார். குறிப்பு கேட்ட நம் ஆசிரியை தேன்மொழியிடம் பிறந்த ஊரோடும் படித்த பள்ளியோடும் இந்த வரியையும் சேர்த்தே கொடுத்தார்.

விழாக்குழுத் தலைவர் ரூபேந்திரன் அதைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"அலமாக்! டீச்சர், நல்ல நாள் அதுவுமா இதெல்லாம் எதுக்கு? எடுத்துருவோம்லா."

"அத எடுத்தா மடலே வேணாம் தம்பி. நான் சும்மாவே வீட்டுக்குப் போயிக்கிறேன்."

"அம்பிகைபாகன் சாரத்தான் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டிருக்கோம். கார்டு அடிச்சாச்சு. மடலையே அவரு கையாலதான் குடுக்கப்போறாரு!"

"என்கிட்ட யாரும் கேட்கலையே" என்றார் அம்மையார்.

ரூபேந்திரன் பிறகு அந்த வரியைச் சின்ன எழுத்தில், பூ வேலைப்பாட்டுக்குக் கீழே போடலாமா என்று பேரம் பேசிப் பார்த்தார். தேன்மொழி அசையவில்லை; எங்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கடைசியில், "உங்க இஷ்டம். ஆனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று ரூபேந்திரன் ஒதுங்கினார். அவருக்கும் ஒருநாள் பணி நிறைவு வரும். அன்று அவருக்கு மடல் எழுத அம்மையார் இங்கே இருக்கமாட்டார், பாவம்.

முன்வரிசையில் வீற்றிருக்கும் ஐயா அம்பிகைபாகன் அவர்களே! தங்கள் ஓய்வின்போது அம்மையார் எழுதிய மடல் தங்கள் வீட்டில் இன்னும் தொங்குவதாக அறிகிறோம். அதில் உள்ள புகழுரை எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அதில் விடுபட்டதை மட்டும் இன்று சபையறியச் சேர்க்கிறோம். இதுவும் தங்களைப் போற்றும் உரைதான் என்று தயவுசெய்து தலையசைத்துவிட வேண்டாம்.

மீண்டும் உங்களிடமே வருகிறோம், எங்கள் ஏந்தலே, எழுத்துச் செல்வியே! உடல் நலமும் உள்ள உரமும் குன்றாமல் நெடிது வாழ்க! எவருடைய விருதுக்கும் வரி தேடாத காலைகள் உங்களுக்கு வாய்க்க! எவரையும் புகழாத பக்கங்கள் பல எழுதி, தொடங்கிய கதையைத் தொய்வின்றி முடிக்க! இழந்த பதவியையோ தாயோடு கழித்திருக்கக்கூடிய மாலைகளையோ எங்களால் ஈட்டித்தர இயலாது. அந்த ஆற்றாமையோடுதான் வாழ்த்துகிறோம்.

இனி இந்தச் சட்டத்தைச் சிறப்பு விருந்தினர் எடுத்து உங்களிடம் வழங்க வேண்டும். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் அம்மா, இதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் யார் கையால் வேண்டும், சொல்லுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசியுங்கள். நீங்கள் வாய் திறக்கும்வரை இந்த மேடையில் எவரும் கைதட்டமாட்டோம்.

இங்ஙனம்,
உங்கள் பதிலுக்குக் காத்து நிற்கும் ஆசிரியர்கள்,
ரூபேந்திரன் நீங்கலாக.