செல்லச்சாமியின் ரொட்டி வண்டி

ராத்திரி பதினொரு மணி இருக்கும். அச்சன்புதூரிலிருந்து இலஞ்சி வருகிற ரோடு. சாரல் பெய்து ஓய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வயல்... ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அந்த ரோட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு ரொட்டி வண்டி வருகிறது. ஓட்டி வருகிறவர் வேல்ராஜ், நம்ம மந்திரமூர்த்தியின் மாமனார். மந்திரமூர்த்தி இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் அவனே தடுக்கட்டும்.

பழைய வண்டிகளைப் புதுப்பித்து, சேகரிக்கிறவர்களுக்கு விற்பது வேல்ராஜின் தொழில். இந்த வண்டி வெளியே பார்த்தால் ஐம்பது வருஷத்துப் பழசு. உள்ளே ஏசி, ரிமோட் பூட்டு, பட்டனை அமுக்கினால் முன்னும் பின்னும் நகர்கிற சீட். ரொட்டி அடுக்குகிற பின்பக்கம் முழுக்க மெத்தை. டிரைவருக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பைப் பிடுங்கிப் போட்டு, பலகை அடித்து, அதற்கும் பஞ்சு வைத்துத் தைத்தாயிற்று. வடகரை பெயின்டர் கடைசிப் பூச்சை முடித்துக் கொடுக்க நேரமாகிவிட்டது. விடிந்தால் குற்றாலத்தில் தங்கியிருக்கிற டாக்டர் உமாசங்கர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். தொலைந்தால் சரி என்றுதான் வேல்ராஜ் இருந்தார். அது அவருடைய அண்ணன் செல்லச்சாமியின் வண்டி.

வயசுக் காலத்தில் அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால் ரொட்டிகளோடு நின்று வருவார். கடை வந்தால் தகரத்தில் ஒருமுறை தட்டுவார், நில். இறக்கி முடித்தால் இரண்டுமுறை, போ. பிறகு கிணற்றுப் பங்கில் சண்டை வந்து பேச்சு அறுந்துபோனது. செல்லச்சாமிக்குப் பிள்ளை கிடையாது. இதற்கு முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் அவர் செத்தபோது, அவர் மனைவி தங்கத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தை இதே வண்டியில் ஏற்றி, நேரே வேல்ராஜின் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"தம்பி, கேட்டத் தொறங்க. கொள்ளி வைக்க ஒங்கள விட்டா ஆரு இருக்கா? ஒங்க அண்ணன் வந்திருக்காவ... வெளிய வாங்க தம்பி."

தட்டினாள். மழையில் நனைந்துகொண்டே தட்டினாள். உள்ளே வேல்ராஜ் கிரைண்டிங் மெஷினைப் போட்டு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செத்தவன் மேலே என்ன வீம்பு? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் தங்கத்தாயே கொள்ளி வைத்தாள். வண்டியைக் கண்ணால் பார்க்கப் பொறுக்காமல் ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டாள். அவனிடமிருந்து வேல்ராஜ் வாங்கினார். அவள் காதுக்கு எட்டியிருந்தால் வண்டியைக் கொளுத்தியிருப்பாள்.

வெள்ளோட்டத்துக்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் வேல்ராஜ். ஆனால் பிணம் ஏற்றிய வண்டிக்குத் தீட்டுக் கழிக்கவில்லை. கழித்தால், தனக்கும் அந்தத் தீட்டு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

சரி, ரோட்டுக்கு வருவோம்.

டங்.

பின்னாலிருந்து... ஒரே ஒருமுறை. பஞ்சில் தட்டினால் அப்படிக் கேட்காது. தகரச் சத்தம். வேல்ராஜின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

கல் ஏதாவது தெறித்திருக்கும் என்று இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். ஆள் இல்லை. சுடச்சுட ரொட்டி வாசனை. அதோடு இன்னொரு வாசனை... ஊதுபத்தி, நனைந்த ரோஜா மாலை. மெத்தை நடுவில் மட்டும் பள்ளமாக இருந்தது. தொட்டுப் பார்க்க உள்ளே ஏறினார்.

கதவு சாத்திக்கொண்டது. கிளிக்.

சாவி முன்னால் தொங்குகிறது. முன்கதவு திறந்து மூடுகிற சத்தம். அப்புறம், ஸ்ஸ்ர்ர்... சீட் பின்னால் நகர்கிறது. நகர்ந்து நகர்ந்து, கடைசிவரைக்கும். வேல்ராஜ் குட்டை. செல்லச்சாமி ஆறடி.

வண்டி கிளம்பிவிட்டது.

"ஏலே, யாருலே அது? நிறுத்துலே வண்டிய!"

பலகையில் ஓங்கி ஒருமுறை தட்டினார். தொப்பென்று பஞ்சு அந்தச் சத்தத்தை விழுங்கியது. முன்பக்கமிருந்து பதில் வந்தது.

டங். டங்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எத்தனையோ வருஷமாக வாயில் வராத சொல் வந்தது.

"அண்ணே... தொறண்ணே... தப்புதாம்ணே..."

டங். டங்.

விடிந்து தேடிப் போன மந்திரமூர்த்திதான் வண்டியைக் கண்டுபிடித்தான். அச்சன்புதூர் சுடுகாட்டில், செல்லச்சாமியை எரித்த இடத்துக்கு நேரே நின்றது. பின்கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பஞ்செல்லாம் பிய்ந்து கிடக்க, விரல் முட்டி தோலுரிந்து, வேல்ராஜ் மூலையில் குந்தியிருந்தார். உயிர் இருந்தது. பேச்சுத்தான் போய்விட்டது. உள்ளே நடந்ததை அப்புறம் மந்திரமூர்த்தியிடம் எழுதிக் காட்டினார்.

விஷயம் கேட்டுத் தங்கத்தாயும் வந்தாள். கொழுந்தனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இப்ப வந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவள் எதைப் பார்த்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? வேல்ராஜின் தலையும் மீசையும் சுத்தமாக மழிக்கப்பட்டிருந்தன... கொள்ளி வைத்தவனுக்கு மழிப்பதுபோல. ஒரு கீறல் கிடையாது. வண்டிக்குள் ஒரு முடிகூடக் கிடக்கவில்லை.

அது ஆடி மாசம். இப்போது தை பிறந்துவிட்டது. இன்னும் அவருக்கு ஒரு முடி முளைக்கவில்லை.