கடைசிப் பாட்டுக்கு முதலாமிடம்

ஏழாமிடம் குடுத்ததுக்கு ஒரு மனிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவானே, தம்பி? நீர் சொல்லும்! சுத்தினவை கனபேர். அவையிலை ஆரோ ஒராள் கடைசியா வரத்தானே வேணும்? பஞ்சலிங்கத்தார் படிச்ச மனிசன், இந்த வளவின்ரை சொந்தக்காரன், சண்டிலிப்பாயிலை அவற்றை போயிலைத் தோட்டம் மாதிரி ஒரு தோட்டம் இல்லை... அவருக்கு இது விளங்கேல்லை. கிணத்தடியிலை என்னைக் கண்டால் வாளியைப் பாத்துக் கதைக்கிறார். "வாளி, நீ அள்ளி முடிஞ்சுதோ?" எண்டு வாளியைக் கேக்கிறார்! வாளி என்ன மறுமொழி சொல்லும்? நான்தான் "ஓம், முடிஞ்சுது" எண்டு சொல்லிப்போட்டு வாறன்.

நிப்பாட்டாதையும், நிப்பாட்டாதையும்! சுத்தும். கதை கேக்கிறது காது, பெடலைச் சுத்துறது கை. ரெண்டுக்கும் என்ன பகை? ... ஓம், தெரியும், நீர் சில்லுக்குக் காத்தடிக்கச் சைக்கிள் பம் இரவல் கேட்டு வந்தனீர். அந்தா, கதவு மூலையிலை சாத்திக் கிடக்கு. எங்கை ஓடப்போகுது? "நேற்றுத்தான் பக்கத்து வளவுக்குக் குடிவந்தனான், இண்டைக்கே இந்த மனிசன் என்னைப் பிடிச்சுத் தன்ரை சைக்கிளுக்குப் பக்கத்திலை இருத்திப்போட்டுதே" எண்டு யோசியாதையும். மாதாதான் உம்மை அனுப்பினவ. இண்டைக்கு டிசம்பர் முப்பத்தொண்டு. பொழுதுபட முன்னம் நான் முடிவு சொல்லவேணும்.

என்ன முடிவோ? அட, ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையே? சிமியோன்ரை தெரிவு, தம்பி! வருசத்தின்ரை சிறந்த பாட்டுக் கசற் எது எண்டு வருசா வருசம் நான்தான் சொல்லுறனான். குருநகரிலை இருக்கேக்கை சந்தியிலை நிண்டு சொல்லுவன், சனம் நத்தார்ப் பண்டிகைக் கேக்கை வாயிலை வைச்சபடி கேட்டுக்கொண்டு நிக்கும். சண்டையும் வரும். அது வேறை கதை. நான் தியேட்டரிலை ரிக்கற் கிழிச்சனான். உள்ளுக்குப் படம் ஓடும், நான் வெளியிலை கதவோடை நிப்பன். படம் ஒண்டும் பாக்கேல்லை, பாட்டெல்லாம் கேட்டனான். கலியாணவீட்டிலை ஆரேன் "அந்தப் படத்திலை கதாநாயகி செத்தவளோ?" எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனா எத்தினையாவது பாட்டிலை அவளுக்குத் தொண்டை கம்மினது எண்டு சொல்லுவன்.

உது ரெண்டாவது பாட்டோ? ... மூண்டாவது. சரி. கொஞ்சம் கெதியாச் சுத்துறீர் போலை கிடக்கு, பாடுறவருக்கு மீசை முளைக்காத குரல் வருது. ஆ... இப்ப சரி.

எங்கை விட்டனான்? ... கசற். ஓம். அப்ப தொண்ணூறாம் ஆண்டு குண்டுவீச்சுக்குத் தப்பிக் குருநகரிலையிருந்து ஓடி வரேக்கை என்ரை மனிசி யசிந்தா ஒரு கையிலை சட்டி பானையையும் மற்றக் கக்கத்துக்குள்ளை இந்த ரேப் றெக்கோடரையும் காவினவ. நான் என்ரை கசற் பெட்டியைத் தலையிலை வைச்சுக்கொண்டு ஓடினனான். சனமெல்லாம் பாய், தலைகாணி, அரிசி மூட்டை... நான் கசற் பெட்டி! இஞ்சை வந்து திறந்து பாக்கிறன்... உறை, தம்பி. எல்லாம் வெறும் உறை! எனக்குக் கேட்டு முடிஞ்ச கசற்றைத் திருப்பி உறையிலை போடுற பழக்கம் இல்லை, மேசையிலை அடுக்கி வைக்கிறது. மேசை குருநகரிலை. உறை சண்டிலிப்பாயிலை. "இதைச் சொல்லிச் சொல்லி என்ரை வாய் நொந்துபோச்சு" எண்டு யசிந்தா இப்பவும்... யசிந்தா, நான் உன்னைக் கூப்பிடேல்லை, நீ குசினியிலை உன்ரை வேலையைப் பார்!

அப்ப மிஞ்சினது ரேப்புக்குள்ளை மாட்டிக்கிடந்த இந்த ஒரு கசற் மட்டும்தான். கரண்டும் இல்லை, பற்றறியையும் ஆமிக்காரர் வரவிடுறாங்கள் இல்லை. அப்பதான் எல்லாரையும் போலை நானும் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயரைக் கொழுவி, பெடலைக் கையாலை சுத்தப்பண்ணினனான். வருசம் முடியுது. சனம் கேக்குது, "சிமியோன் அண்ணை, இந்த வருசத்துத் தெரிவு என்ன?" எண்டு. ஒரு கசற்றை வைச்சு என்னத்தைத் தெரியிறது? யோசிச்சன். படுத்துக்கிடந்து யோசிச்சன். பேந்துதான் பிடிபட்டது, தம்பி... கசற் ஒண்டுதான், ஆனா சுத்துற கை வேறை வேறை! கை மாறினால் பாட்டு மாறும். அப்ப ஒவ்வொரு கையும் ஒவ்வொரு கசற்!

சிரிக்கிறீரோ? சிரியாதையும், பாட்டு நடுங்கிது. கேளும். இப்ப என்ரை மச்சான் கனிசியஸ், யசிந்தான்ரை தம்பி. வலை இழுத்த கை. ஒரு இழுவை, ஒரு ஆறுதல், ஒரு இழுவை, ஒரு ஆறுதல். அவன் சுத்தினால் பாட்டு ஏறும் இறங்கும், கேக்கிறவனுக்குத் தலை சுத்தும். ஒருக்கா நான் திண்டதெல்லாம் சத்தியெடுத்தனான்! அவ்வளவு நல்லாயிருந்தது. ரெண்டாமிடம். செபமாலை, கோயில் பாட்டுக்குழுவிலை பெரிய ஆள். சுத்திக்கொண்டு தானும் பாடுவார். தனக்கு மேலை எட்டாத இடத்திலை சுத்துறதைக் குறைச்சுப் பாடகரைக் கீழை இறக்கிப்போடுவார். தவக்காலத்திலை கேக்க வேணும். மூண்டாமிடம். பஞ்சலிங்கத்தாற்றை மனிசி குணலட்சுமி, பிள்ளையளைப் பேசிப்பேசிச் சுத்துவா. கோவம் ஏற ஏற வேகம் ஏறும். மனிசி செத்த சோகப்பாட்டு ஒண்டு கிடக்கு, அது கலியாண ஊர்வலம் மாதிரிப் போகும். அஞ்சாமிடம்.

பஞ்சலிங்கத்தார்? அவர் தண்ணி இறைக்கிற மிசின் மாதிரி. ஒரே சீர். கூடாது, குறையாது. கடையிலை என்ன மாதிரிப் பதிஞ்சு தந்தாங்களோ அந்த மாதிரியே கேக்கும். ஒரு பிழையும் இல்லை. அதுதானே பிழை! அப்பிடிக் கேக்கிறதெண்டால் கரண்டிலை கேக்கலாமே! போன ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை இதைத்தான் சொன்னனான், பகிடியாத்தான் சொன்னனான். மனிசன் எழும்பிப் போட்டார். தன்ரை மனிசிக்குக் கீழை தன்னைப் போட்டதுதான் அவருக்குக் குத்தினது. வீட்டிலை குணலட்சுமி "அஞ்சாமிடம் சொல்லுறன், சாப்பிட வாங்கோ" எண்டு கூப்பிட்டவவாம்.

அவர் போகட்டும். கனிசியஸும் கோவிச்சுக்கொண்டு போட்டான். "முதலாமிடம் ஆருக்கு?" எண்டு கேட்டான். ஒருத்தருக்கும் இல்லை எண்டன். ஆருக்கும் இல்லாத முதலாமிடத்துக்குக் கீழை ரெண்டாமிடம் எப்பிடி வரும் எண்டு கேட்டான். ஏன் வராது? முதலாமிடம் காத்திருக்குது, தம்பி. அதைத்தான் உமக்குச் சொல்ல வந்தனான், அதுக்குள்ளை நீர் என்னை எங்கையெல்லாமோ இழுத்துக்கொண்டு போட்டீர்.

இந்தக் கசற்றுக்குப் பட்டியல் குடுத்தது நான். ஒவ்வொரு பாட்டும் நான் தெரிஞ்சது. ஆனா கசற் பதியிற றெக்கோடிங் பார் தேவராசா ஒரு வேலை செய்தவன். "சிமியோன் அண்ணை, நாடா கடைசியிலை கொஞ்சம் மிச்சம் கிடந்தது. என்ரை விருப்பத்துக்கு ஒரு பாட்டுப் போட்டனான். என்னெண்டு கேளாதேங்கோ, வீட்டை கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ" எண்டான். கொண்டுவந்து போட்டன். கடைசிப் பாட்டு... ஒரு புல்லாங்குழல். பேந்து ஒரு பொம்பிளை மெல்ல மூச்சு இழுக்கிறா, பாட வாயெடுக்கிறா... கரண்ட் நிண்டுபோச்சு! அண்டைக்குப் போன கரண்ட்தான் தம்பி, இண்டைவரைக்கும் வரேல்லை! அவ வாயைத் திறந்தபடி நிக்கிறா. தேவராசா எங்கையோ கனடாவிலையாம்.

அதுக்குப் பிறகு எத்தினை தரம்! கனிசியஸ் சுத்த, புல்லாங்குழல் வர, அவனுக்குக் கை பிரண்டுபோச்சு. செபமாலை சுத்த, மூச்சு இழுக்க, கோயில் மணி அடிச்சிட்டுது, எழும்பி நிண்டு சிலுவை போட்டார். குணலட்சுமி சுத்த, செயின் கழண்டுது. பஞ்சலிங்கத்தார் சுத்தேக்கை ஆமியின்ரை ஹெலி மேலை வந்திட்டுது. எல்லாரும் பதுங்குற பங்கருக்குள்ளை பாய்ஞ்சவை, நான் மட்டும் வெளியிலை நிண்டு "சுத்துங்கோ, சுத்துங்கோ!" எண்டு கத்தினனான். பைத்தியம் எண்டு சொன்னவை. சொல்லட்டும். அந்தப் பொம்பிளை மூச்சை இழுத்துக்கொண்டு ரெண்டரை வருசமா நிக்கிறா! அவ பாடினவவோ, அழுதவவோ, சும்மா தும்மினவவோ... எனக்குத் தெரியவேணும். வருசம் முடியமுன்னம் அந்தப் பாட்டை முழுக்கக் கேக்கப்பண்ணுற கை எதுவோ, அதுக்குத்தான் முதலாமிடம்.

என்ன? ... நான் ஏன் சுத்தக்கூடாதோ? தம்பி, நான் நடுவர்! நடுவர் சுத்தினால் நியாயமோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? தன்ரை கைக்குத் தானே இடம் குடுத்தான் எண்டு சொல்லாதோ? யசிந்தாவும் சுத்தேலாது, அவ நடுவற்றை மனிசி. அதாலைதான் ஆக்களைக் கேக்கவேண்டிக் கிடக்கு. ஆனா ஒருத்தரும் வரினமில்லை. எல்லாரும் ஒரே சாட்டுத்தான் சொல்லுகினம், பேசி வைச்ச மாதிரி. கனிசியஸ், "அத்தான், நான் பாட்டுக்குச் சுத்துறனோ, உங்கடை கதைக்குச் சுத்துறனோ?" எண்டு கேட்டான். செபமாலை, "பூசையிலையும் பிரசங்கம் முடிஞ்சால் பாட்டு வரும், இஞ்சை பிரசங்கம் முடியிறதில்லையே" எண்டார். என்ன கதை உது? நான் அப்பிடி என்னத்தைக் கதைச்சனான்? பாட்டைப்பற்றித்தானே...

உஸ்ஸ்! பொறும்... புல்லாங்குழல்! கேக்குதே? இதுதான் தம்பி, இதுதான்! கையை விடாதையும். இதே சீர். இனி ஒருத்தரும் ஒரு சொல்லுக் கதைக்கக்கூடாது. நானும் வாயைத் திறவன். யசிந்தா, அந்த அகப்பையைக் கீழை வை! ... பாரும், எங்கடை சனத்திட்டை இல்லாத ஒரு குணம் உதுதான், தம்பி. பேசாமல் இருக்கிறது. கோயிலிலை நற்கருணை எழுப்பேக்கை ஒரு சத்தம் இருக்கக்கூடாது, அப்பதான் எல்லாருக்கும் இருமல் வரும். தியேட்டரிலை பாட்டு வந்தால் அப்பதான் கச்சான் கடலைக் கோது உடைப்பினம். நான் கதவுக்கு வெளியிலை நிண்டு "உஸ்" எண்டால் முதலாளி என்னைத்தான் பேசுவார். பங்கருக்குள்ளை பாரும், அங்கை குசுகுசுப்பினம், மேலை போறவனுக்குக் கேட்டுப்போடும் எண்டு! அங்கை கத்தினாலும் ஒண்டுமில்லை, இஞ்சைதான் பேசாமல் இருக்கவேணும். ஒரு பாட்டெண்டால் என்ன தம்பி? ஒராள் உமக்கு ஒண்டு சொல்ல வாறார். அவர் சொல்லி முடிய முன்னம் நாங்கள் வாயைத் திறந்தால், அவர் என்ன நினைப்பார்? எங்கடை சனத்துக்கு உந்தப் பொறுமை இல்லை. பஞ்சலிங்கத்தாருக்கு இல்லை, கனிசியஸுக்கு இல்லை, நான் ஆயிரம் தரம் சொல்லியிருப்பன்...

டக்.

என்ன சத்தம் அது? ... ரேப்போ? அமத்தி வைச்ச பட்டின் மேலை எழும்பிட்டுது. அப்ப நாடா முடிஞ்சுதோ? பாட்டு... பொறும், குனிஞ்சு பாக்கிறன்... ஓம், முடிஞ்சுது, கடைசிவரைக்கும் ஓடியிருக்கு. தம்பி! பாட்டு முழுக்க ஓடினதோ? நீர் பக்கத்திலை இருந்தனீர், சொல்லும், அவ பாடினவவோ? எப்பிடி இருந்தது? ... தம்பி?

சில்லு சும்மா சுத்துது. ஆளைக் காணேல்லை. மூலையிலை பம்மையும் காணேல்லை.

போகட்டும். ஆனா கை நல்ல கை! நான் நியாயம் தவறமாட்டன். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் முதலாமிடம் அந்தத் தம்பிக்குத்தான்... அவற்றை பேர்... பேர் என்ன? நான் கேட்டனானோ? யசிந்தா, அந்தத் தம்பி தன்ரை பேர் சொன்னதோ? ... சொல்ல விட்டால்தானே எண்டோ?

நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? அடுப்புப் புகையோ? ... பாட்டோ! நீ கேட்டனியோ? முழுக்கவோ? என்ரை மாதாவே! சொல்லு, அவ என்ன பாடினவ? ... ஏன் சொல்லமாட்டாய்? ... என்னது, நான் சுத்துறதோ? நான் நடுவர்... ஓம்... ஓம், விளங்குது... நடுவருக்குக் காது இருக்கவேணுமோ... சரி, அந்தப் பென்சிலைத் தா. கசற்றைப் பின்னுக்குச் சுத்துவம். புல்லாங்குழல் மட்டும் வந்தால் காணும்.

ம்... இந்தா... இருந்திட்டன். சுத்துறன். ... ஊ... யசிந்தா, இது என்ன பாரம்! இதுவே அந்தச் சனம்... தோள்மூட்டு... இவ்வளவு நாளும்... பஞ்சலிங்கத்தார் பாவம்... மூச்சு... கதைக்க... ஏலாமல் கிடக்கு...

...புல்லாங்குழல்...

...மூச்சு இழுக்கிறா... யசிந்தா... இழுக்கிறா...

ஆர் படலையைத் திறக்கிறது? ... தம்பி! ... வாரும்... இரும்... உஸ்... என்ன? ... பம்மிலை காத்தைப் பிடிக்கிற வாசர் இல்லையோ? ... ஓம்... அது போன வருசமே... தம்பி, பேந்து... என்ன, காத்துப் பின்னாலை போகுதோ... போகட்டும்... இவ்வளவு நேரமும் வாயைத் திறவாத மனிசன்... ஐயோ, அவ பாடுறா... தோலிலை ஒரு வாசர் வெட்டலாமோ... வெட்டும், நல்லா வெட்டும்... பேர் கனகலிங்கமோ? ... இப்ப ஆர் தம்பி கேட்டது... சொந்த ஊர் பண்டத்தரிப்போ... மாமாவும் அங்கையோ... தம்பி, கதையாதையும்... தம்பி...

டக்.

யசிந்தா, சிரியாதை.

கனகலிங்கம் எண்டுதானே சொன்னீர்? கனகலிங்கம். சரி.

எட்டாமிடம்.