பச்சைக் குறி போடாத கேள்வி

கேட்ட கேள்விக்கு நாமே பதில் எழுதலாம், சார். வீட்டுச் சாமான்கள் பழுதானால் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லும் அந்த இணையதளத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. விடை கிடைத்தால் திரும்பி வந்து எழுத வேண்டும். எப்போது, எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். முயன்றவர்களுக்கு நன்றி. இரண்டு நாள் கழித்துப் பச்சைக் குறி. குறி விழுந்தால் கேள்வி முடிந்தது. பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மனைவி போய் நான்கு வருடம். கடையில் என்னிடம் பேசுபவர்கள் எண்களை மட்டும் சொல்வார்கள்.

என் குளியலறை கேஸ் ஹீட்டரில் தீ மஞ்சளாக எரிந்தது. சுவரில் கரி. அதைத்தான் கேட்டேன். ஆறு பேர் ஏதேதோ சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். ஏழாவதாக ஒரு பெண் வந்தாள். வீட்டிலேயே தையல் வேலை. தளத்தில் அவள் பெயர் நூல்கண்டு.

"அண்ணா, எங்க வீட்லயும் இதே கதைதான். விடை கிடைச்சா சொல்லுங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல. நானும் பொண்ணும்தான்."

மூன்றாம் தேதி மெக்கானிக் வந்து புகைக்குழாயைக் கழற்றிக் காட்டினார்.

"பாருங்க சார், குருவி குடித்தனம் நடத்துது. புகை பூரா பாத்ரூம்லயே நிக்குது. இன்னும் நாலு நாள் கதவைச் சாத்திட்டுக் குளிச்சிருந்தீங்கன்னா, அஞ்சாம் நாள் உங்கள வேற ஆளுங்கதான் குளிப்பாட்டணும்."

அன்றைக்கே பதிலைத் தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. போன வருடம் குழாய்க் கசிவுக்கு நானே விடை எழுதிக் குறி போட்டேன். அதன் பிறகு ஒரு சொல் வரவில்லை.

அப்போது அவள் கேட்டாள். "ஏதாவது தெரிஞ்சுதா அண்ணா?"

"இன்னும் பாத்துட்டிருக்கேம்மா."

தினமும் வந்தாள். ஹீட்டரைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் பத்து வரி. சட்டைக் காலர் தைப்பதில் என்ன கஷ்டம் என்று இப்போது எனக்குத் தெரியும். "நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள ஹீட்டரே ரிட்டையர் ஆயிடும் போல" என்று கிண்டல் செய்வாள்.

பத்தாம் தேதி எழுதினாள்: "குளிச்சிட்டு வந்தா தலை வலிக்குதுங்கறா பொண்ணு. பரீட்சைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்கறாளோ?"

"படிக்கிற பிள்ளைம்மா. தூங்கினா சரியாயிடும்."

அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் நல்லதுதான்.

பதின்மூன்றாம் தேதி அவள் வரவில்லை. கோபமோ என்று நினைத்தேன். "எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டுவைத்தேன். பதினைந்தாம் தேதி பேப்பரில் வந்தது. மகள் குளியலறைக்குள். தூக்கப் போன தாய் அதன் வாசலில். படத்தில், தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை.

அன்று முறைப்படி எழுதினேன். குருவிக் கூடு, குழாய் அடைப்பு, மூன்றாம் தேதி கண்டுபிடித்தது. நூல்கண்டுக்கு நன்றி. அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அவள் கணவர் உங்களிடம் வந்திருக்கிறார். வேறு தேதி போட்டிருக்கலாம். விதியை மீற மனம் வரவில்லை.

தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். உயிர் போகும் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், சார். அவள் எப்போது வந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் அவளைக் காக்கவைத்ததில்லை.