தலையணையில் பழகிய டிரம்ஸ்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மடியில் ஆளுக்கொரு கிட்டாரை வைத்துக்கொண்டு கூச்சநாச்சமில்லாமல் கத்தினார்கள்.

“எங்கட ரூம் சூடான்காரன் என்ர தலையணையையும் அடிச்சுக் கிழிச்சுப்போட்டான் மச்சான்!”

“பின்னை? அவன்ர டிரம்ஸ் அவன்ர நாட்டுச் சண்டையில வீட்டோட எரிஞ்சு போச்சு. ரூமில வேற எதில பழகுறது?”

“அவன் ரெண்டு வருசமா உண்மையான டிரம்ஸைத் தொடேல்லையடா. இண்டைக்கு மேடையில சொதப்பினா, மெட்டல் மியூசிக் வாசிக்க எங்களை இனி ஒருத்தனும் கூப்பிடான்.”

அப்போது ஒருவனின் போனில், சூடான்காரன் கச்சேரி மண்டபத்திலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சே இல்லை. டிரம்ஸ் மட்டும், இடி மாதிரி. டிரைவர், “பாய், பந்த் கரோ!” என்று கத்தினார். அவர்கள் நிறுத்தவில்லை.

“அடிக்கிறானடா! அடிக்கிறான்!”

“மச்சான், இந்த வேகத்துக்கு எங்கட கை ஓடுமோ?”